இசக்கியம்மாளின் பந்து

தெய்வானை டீச்சர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அறுபத்திரண்டாவது வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான நாகப்ப சாமியிடம் சீடராகச் சேர்ந்தார்.

சாமியின் மடத்தை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். மதிய இடைவேளையில் பிள்ளைகள் மடத்துச் சுவரில் பந்தெறிந்து விளையாடுவார்கள். திரும்பி வரும் பந்தைப் பிடிக்க வேண்டும். விட்டவர் அவுட்.

அந்த நேரத்தில் மட்டும் டீச்சருக்குத் தியானம் கூடவில்லை. ஒருநாள் பாதியில் எழுந்து சாமியிடம் வந்தார்.

"சத்தம் தொந்தரவா இருக்கா?" என்று கேட்டார் சாமி.

"சத்தம் இல்ல சாமி. ஒரு பிள்ளை ஞாபகம்."

டீச்சர் எதிரில் உட்கார்ந்தார்.

"இசக்கியம்மாள்னு பேரு. ஆறாம் வகுப்பு. பேச்சு திக்கும். அதனால யாரும் ஆட்டத்துக்குச் சேர்த்துக்க மாட்டாங்க. இடைவேளை முழுக்கத் தனியாச் சுவத்துல பந்து எறிஞ்சு பிடிப்பா. ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணுவா. அப்ப மட்டும் திக்காது."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"ஆய்வுக்கு அதிகாரி வர்றதா இருந்தது. சுவருக்குப் புதுசா வெள்ளையடிச்சிருந்தோம். பந்து பட்டு வட்ட வட்டமாக் கறை. பிடுங்கி டிராயர்ல போட்டுப் பூட்டினேன்."

"அப்புறம்?"

"ஆய்வு முடிஞ்சது. தினமும் என் அறை வாசல்ல வந்து நிப்பா. கேக்க வாயெடுப்பா, வார்த்தை வராது. எனக்கு எப்பவும் அவசரம். 'நாளைக்கு வா'ன்னு அனுப்பிருவேன். பொங்கல் லீவுக்கு அப்புறம் அவ வரல. வீட்டுக்கு ஆள் அனுப்பினேன். குடும்பமே ஊரைவிட்டுப் போயிருந்தது."

டீச்சர் தன் அறைக்குப் போய், துணியில் சுற்றிய ஒரு ரப்பர் பந்தை எடுத்து வந்தார். பச்சை நிறம் வெளுத்திருந்தது.

"பத்தொம்பது வருஷமாச்சு. அவளை எங்கெல்லாமோ தேடிட்டேன். என்னைக்காவது இதை அவ கையில கொடுத்துட்டா என் மனசு ஆறும். ஆறுமா சாமி?"

சாமி எழுந்தார்.

"வாங்க."

இருவரும் சுவருக்கு அந்தப் பக்கம் போனார்கள். பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு விலகி நின்றார்கள்.

"எறியுங்க," என்றார் சாமி.

டீச்சர் எறிந்தார். பந்து கல்லைப் போலச் சுவரில் மோதி, அடியிலேயே விழுந்தது. எடுத்து இன்னும் வேகமாக எறிந்தார். அங்கேயே விழுந்தது. அதன் மேல் ஒரு விரிசல் ஓடியிருந்தது.

ஒரு சிறுமி அதைக் குனிந்து பார்த்தாள்.

"பாட்டி, இந்தப் பந்து செத்துப் போச்சு."

டீச்சர் பந்தை எடுத்து விரிசலைத் தடவினார்.

"பத்திரமாத்தானே சாமி வச்சிருந்தேன்?"

"ஆமா டீச்சர்," என்றார் சாமி. "அவ கையில இருந்திருந்தா தேஞ்சிருக்கும்."