காராயி என்ன உடுத்திப் போனாள்?

மலையடிவாரத்து ஏரியில் காராயி என்றோர் எருமை இருந்தாள். அவளுக்கு மருத்துவராக வேண்டும் என்று ஆசை.

"எருமைக்கு மருத்துவமா!" என்று கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். ஏரிக்கரையில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் முதலில் ஓடி வந்து நிற்பது காராயிதான். காய்ச்சலில் கிடக்கும் குட்டிமேல் வெயில் படாதபடி தன் நிழலை விழவிட்டு நிற்பாள். நிழல் நகர்ந்தால் அவளும் நகர்வாள். பசித்தாலும் போகமாட்டாள்.

ஆனால் நிற்பது மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் அவள் அக்காவின் கன்று வயிறு உப்பிச் செத்துப்போனது. மலைமேலிருந்து மருத்துவர் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "இங்கேயே ஒரு மருத்துவர் இருந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமே!" என்று அக்கா அழுதாள். அன்றைக்கே காராயி முடிவு செய்துவிட்டாள்.

அதன் பிறகு ஏரிக்குத் தண்ணீர் குடிக்க வரும் மருத்துவர்களையெல்லாம் மறித்து மறித்துக் கேள்வி கேட்டாள். கேட்டதை அசை போட்டாள். மூலிகை மலையிலுள்ள மருத்துவப் பள்ளியின் முதல் தேர்வில் தேறியும் விட்டாள்! ஏரியிலிருந்து அதுவரை தேறிய பெண் வேறு யாருமில்லை. மீதி இருந்தது நேர்முகத் தேர்வு ஒன்றுதான்.

"நாளைக் காலை வரவேண்டும்!" என்று மலைக் குரங்கு வந்து கூவிவிட்டுப் போனது.

அவ்வளவுதான். யோசனை சொல்ல ஊரே திரண்டது.

"முதலில் இந்தச் சேற்றைக் கழுவு!" என்றது பெண்மயில். "இப்படியேவா போய் நிற்பாய்? உடம்பு பளபளவென்று இருக்க வேண்டும்."

"கொம்பைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. பூங்கொடி சுற்றி மறைத்துவிடு" என்றது அணில்.

"ஐயையோ, பூ வேண்டாம்!" என்று பதறியது மைனா. "இவளுக்கு அலங்காரத்தில்தான் புத்தி என்பார்கள்."

"பூ இல்லாமல் போனால்? உடுத்தத் தெரியாதவள் என்பார்கள்!" என்றது அணில்.

"தலையை நிமிர்த்தி நட!"

"ரொம்ப நிமிராதே! திமிர் பிடித்தவள் என்பார்கள்."

"சிரித்த முகமாக இரு!"

"பல்லைக் காட்டாதே!"

காராயிக்குத் தலை சுற்றியது. அந்த நேரம் பார்த்துக் காட்டுப்பன்றி ஒன்று சேற்றில் புரள வந்தது. போன வருடம்தான் அது மருத்துவப் பள்ளியில் சேர்ந்திருந்தது. காராயி ஆவலாகக் கேட்டாள்.

"அண்ணே, நீங்கள் நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுத்திப் போனீர்கள்? என்ன கொண்டுபோனீர்கள்?"

பன்றி யோசித்துப் பார்த்தது. "தெரியவில்லையே அம்மா! கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டது என்றார்கள். எழுந்து போய்விட்டேன். எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே!"

"ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் எடுபடும்" என்றது பெண்மயில். "உனக்கு எடுபடாது. நாங்கள் சொல்வதைக் கேள்!"

காராயி கேட்டாள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஏரியிலிருந்து போகும் முதல் பெண் தோற்றுவிடக் கூடாதே என்ற பதைப்பில் சொன்னார்கள். அது அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் விடிந்ததும் எல்லாரும் சேர்ந்து அவளைத் தேய்த்துக் குளிப்பாட்டினார்கள். காதோரம் ஒட்டியிருந்த சேற்றைக்கூட விடவில்லை. கொம்புகளில் பூங்கொடி சுற்றினார்கள். "மருத்துவம் படிக்கப் போகிறவள் வெறுங்கையோடு போவதா?" என்று அணில் கண்ணில் பட்ட இலை, வேர், பட்டையெல்லாம் கட்டி ஒரு மூட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டது.

காராயியின் முதுகில் எப்போதும் சவாரி செய்யும் உண்ணிக்கொக்கு வெள்ளைச்சி, "நானும் வருகிறேன்" என்று பறந்து வந்தாள்.

"நீ எதற்கு? துணைக்கு ஆள் கூட்டிப் போனால் தைரியம் இல்லாதவள் என்பார்கள்!" என்று பெண்மயில் தடுத்துவிட்டது.

காராயி தனியாக மலை ஏறினாள்.

பாதி வழியிலேயே வெயில் சுட்டது. எருமைக்குச் சேறு அழுக்கு இல்லை, குடை. அந்தக் குடை இல்லாமல் அவள் இதுவரை வெளியே நடந்ததில்லை. முதுகு காந்தியது. ஈக்கள் மொய்த்தன. விரட்ட வெள்ளைச்சியும் இல்லை. மூட்டை நெஞ்சில் இடித்தது. பூங்கொடி சரிந்து ஒரு கண்ணை மறைத்தது.

பள்ளி வாசலில் நவ்வி என்ற பெண்மான் காத்திருந்தாள். அவளும் தேர்வுக்கு வந்தவள்தான். கழுத்தை மெலிதாகக் காட்ட வேண்டும் என்று யாரோ சொல்லி, பட்டைக்கொடி ஒன்றை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"அக்கா, நான் பார்க்க நன்றாக இருக்கிறேனா?" என்று நவ்வி மெல்லக் கேட்டாள்.

காராயியின் காதில் அது விழவே இல்லை. அவள் முதுகைப் பாறையில் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"காராயி! உள்ளே வா!"

குகைக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பள்ளியின் தலைவி, பெருந்தாயி என்ற யானை. மற்றவர் நாரை ஆசிரியர். ஒரு பொட்டு அழுக்குகூட இல்லாத வெள்ளைச் சிறகு அவருக்கு.

"மூட்டையில் என்ன?" என்று நாரை கேட்டார். அலகால் ஒரு வேரை உருவி எடுத்தார். "இது என்ன வேர்? எதற்கு உதவும்?"

அணில் கட்டிய மூட்டை. காராயிக்குத் தெரியவில்லை. "தெரியாது ஐயா" என்றாள்.

"தெரியாததை ஏன் சுமந்து வந்தாய்?"

காராயி மூட்டையைக் குனிந்து பார்த்தாள்.

"போகட்டும். கன்று ஒன்றுக்கு வயிறு உப்பிவிட்டது. உன்னிடம் கொண்டுவருகிறார்கள். முதலில் என்ன செய்வாய்?"

உலகத்தில் காராயிக்கு மிக நன்றாகத் தெரிந்த பதில் இதுதான்! ஆனால் வாயைத் திறந்த நேரம் ஓர் ஈ கடித்தது. தோல் எரிந்தது. பூங்கொடி இன்னொரு கண்ணிலும் விழுந்தது. "கன்றை... படுக்க... இல்லை, முதலில்... தண்ணீர்..." என்று உளறினாள்.

நாரை தலையை ஆட்டினார். "சரி. நீ போகலாம்."

காராயி திரும்பினாள். வாசல்வரை நடந்தாள். அங்கே அவள் கால்கள் நின்றுவிட்டன. அக்காவின் முகம் நினைவுக்கு வந்தது. இப்படியே இறங்கிப் போனால் அவளிடம் என்ன சொல்வது? ஈ கடித்தது என்றா?

அவள் திரும்பி வந்தாள்.

"அம்மா, ஐயா, எனக்கு இதற்குப் பதில் தெரியும். என் உடம்புதான் என்னைப் பேசவிடவில்லை. வரும் வழியில் ஓர் ஊற்று பார்த்தேன். அங்கே போய்ச் சேறு பூசிக்கொண்டு வர அனுமதி கொடுங்கள்."

"சேறா!" என்று நாரை சிறகை ஒடுக்கிக்கொண்டார். "மருத்துவப் பள்ளிக்குள்ளா!"

பெருந்தாயி அவளை உற்றுப் பார்த்தார். போகலாம் என்று சொன்ன பிறகு திரும்பி வந்து கேட்டவர்களை அவர் அதிகம் பார்த்ததில்லை.

"போய் வா. வெயில் வாசல் பாறையைத் தொடுவதற்குள் வந்துவிட வேண்டும்" என்றார்.

காராயி ஓடினாள். மூட்டையை வழியிலேயே கழற்றி வைத்தாள். பூங்கொடியை ஒரு மரத்தில் தேய்த்து உதறினாள். ஊற்றங்கரைச் சேற்றில் விழுந்து புரண்டாள். ஆகா! எரிச்சல் அடங்கியது. மனமும் அடங்கியது. எழுந்ததும் தெளிந்த தண்ணீரில் வாயையும் குளம்புகளையும் மட்டும் நன்றாகக் கழுவிக்கொண்டு திரும்பினாள்.

வாசலுக்கு வந்தவளின் கண்ணில் நவ்வி பட்டாள். இப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தாள். நவ்வி நின்றபடியே ஆடிக்கொண்டிருந்தாள். நாக்கு கறுத்திருந்தது. கண் மேலே செருகியது.

"அடி பெண்ணே! இந்தக் கொடி உன் கழுத்தை நெரிக்கிறது!"

"அவிழ்க்காதே அக்கா... அழகாக..." என்று நவ்வி முனகினாள்.

"மூச்சு இருந்தால்தானே அழகு!" என்று காராயி கொடியைப் பல்லால் கடித்து அறுத்தாள். நவ்வி பொத்தென்று விழுந்தாள்.

காராயி வாசல் பாறையைப் பார்த்தாள். வெயில் பாறையை நெருங்கிவிட்டது. இரண்டடி வைத்தால் உள்ளே போய்விடலாம். அவள் உள்ளே போகவில்லை. ஊற்றுக்குத் திரும்ப ஓடி, ஒரு பெரிய சேம்பிலையில் தண்ணீரை ஏந்தி, சிந்தாமல் வாயில் கவ்வி வந்தாள். நவ்வியின் முகத்தை நனைத்தாள். கொஞ்சம் குடிக்க வைத்தாள். வெயில் படாதபடி மறைத்து நின்றாள். நவ்விக்கு மூச்சு சீராகும்வரை நகரவே இல்லை.

மிச்சத் தண்ணீரில் குளம்புகளை மறுபடி கழுவிக்கொண்டு அவள் உள்ளே வந்தபோது வெயில் பாறையைத் தாண்டியிருந்தது.

"நேரம் முடிந்துவிட்டது!" என்றார் நாரை.

"ஆமாம் ஐயா" என்றாள் காராயி.

"என்னால்தான் ஐயா தாமதம்!" என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. நவ்வி தள்ளாடிக்கொண்டு நின்றாள். நடந்ததையெல்லாம் சொன்னாள். "அக்காவிடம் கேள்வியைக் கேளுங்கள். என் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள்!"

பெருந்தாயி தும்பிக்கையை நீட்டி நவ்வியின் கழுத்துத் தழும்பைத் தடவிப் பார்த்தார். பிறகு காராயியிடம் திரும்பினார்.

"வயிறு உப்பிய கன்று. சொல்."

காராயி நிமிர்ந்தாள். குரல் ஏரித் தண்ணீர்போலத் தெளிவாக வந்தது.

"முதலில் கன்றைப் படுக்கவிட மாட்டேன் அம்மா. முன்னங்கால் மேட்டில் இருக்கும்படி நிறுத்துவேன். இடப்பக்க விலாவைத் தொட்டுப் பார்ப்பேன். கடைசியாக என்ன மேய்ந்தது, அசை போட்டதா என்று தாயிடம் கேட்பேன். தாய் அழுதுகொண்டிருப்பாள். அவளைக் கன்றின் தலைமாட்டில் நிற்க வைப்பேன். அவள் வாசனை தெரிந்தால் கன்று மிரளாது."

"அதற்குப் பிறகு?"

"அதற்குப் பிறகு எனக்குத் தெரியாது. அதைக் கற்கத்தான் வந்தேன்."

ஆனால் நாரை விடவில்லை.

"பதில் சரி. இந்தச் சேற்றோடு புண்ணைத் தொடுவாயா? மருத்துவருக்குச் சுத்தம் வேண்டாமா?"

"கண்டிப்பாக வேண்டும் ஐயா! சேறு என் முதுகில்தான் இருக்கிறது. நோயாளியைத் தொடுவது என் வாயும் குளம்பும். பாருங்கள்."

நாரை குனிந்தார். நான்கு குளம்புகளையும் அலகால் தட்டிப் பார்த்தார். பிளவுக்குள்ளும் பார்த்தார். ஒரு மணல்கூட இல்லை. வாயைத் திறக்கச் சொன்னார். அதுவும் சுத்தம். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கண்டிப்பு இல்லை. "என் மாணவர்களில் பாதிப் பேர் குளம்புப் பிளவைக் கழுவுவதில்லை" என்று முணுமுணுத்தார்.

பெருந்தாயி வாய்விட்டுச் சிரித்தார். "நான் தினமும் முதுகில் செம்மண் வாரிப் போட்டுக்கொண்டுதான் பாடம் நடத்துகிறேன். என்னிடம் யாராவது இதைக் கேட்டிருக்கிறார்களா நாரையாரே?"

நாரையும் சிரித்துவிட்டார்.

பிறகு நவ்வியை உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். கழுத்து லேசானதும் அவளுக்கும் பதில் தடையில்லாமல் வந்தது. குட்டி ஈனும் மான் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கும் என்பதை அவள் விளக்கிய அழகில் நாரை தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"இரண்டு பேரும் சேரலாம்" என்றார் பெருந்தாயி.

நவ்வி துள்ளினாள். காராயியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. "வகுப்பு எப்போது அம்மா தொடங்கும்?" என்று கேட்டாள்.

"உள்ளே முயல் ஒன்று கால் முறிந்து கிடக்கிறது. ரொம்பப் பயந்திருக்கிறது. பக்கத்தில் இருக்க ஆள் வேண்டும்" என்றார் பெருந்தாயி.

இருவரும் உடனே உள்ளே நடந்தார்கள்.

நம்மைப் பற்றிய கவலையை மறக்கச் செய்து, எதிரில் இருப்பவரின் துன்பத்தைக் காணவிடும் உடையே நல்ல உடை. நமக்கு உண்மையிலேயே தெரிந்ததே எங்கும் கொண்டுபோகத்தக்க பொருள்.