நாற்பத்திரண்டாவது அடையாளம்

ஆலங்கரைச் சீமையைக் கொற்றவேல் ராஜா ஆண்டபோது, அரண்மனைச் சித்திரக்காரராக மாசிலாமணி என்று ஒருவர் இருந்தார். வயது அறுபத்தேழு. கூச்ச சுபாவம். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார். ஊர் ஏரிக்கரையைத் தாண்டி அவர் போனது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குச் சலுகை உண்டு. அந்தச் சபையில் ராஜாவின் முகத்தை யாரும் நிமிர்ந்து பார்க்கக் கூடாது. பாதத்தைப் பார்த்தே பேச வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ராஜாவைப் படம் எழுதுகிறவர் என்பதால் மாசிலாமணிக்கு மட்டும் விலக்கு.

அப்படிப்பட்டவரைக் கூப்பிட்டு ராஜா சொன்னார்: "கொலு மண்டபத்துச் சுவர் முழுக்கத் தேவலோகத்தை எழுதும்."

மாசிலாமணி தேவலோகத்துக்கு எங்கே போவார்? விடிந்ததும் ஏரிக்கரைக்குப் போனார். சந்தையில் நின்றார். படித்துறையில் உட்கார்ந்தார். பார்த்ததையெல்லாம் எண்ணிக்கொண்டு வந்து சுவரில் எழுதினார். கரையில் பனை பதினேழு என்றால் இந்திரன் தோட்டத்திலும் பனை பதினேழு. இப்படியே மூன்று வருஷம் போயிற்று.

திரையை விலக்கிய அன்று முதலில் சிரித்தவர் தளவாய் அனந்தப்பர். சித்திரக்காரர் வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித் தர வேண்டும் என்று வெகுநாளாக அவருக்கு ஆசை.

"மகாராஜா, ஐராவதத்தின் இடது காதைப் பாருங்கள். கிழிந்திருக்கிறது! இது நம் கோயில் யானை கோமளம் அல்லவா? ஆகாய கங்கையில் துணி துவைக்கிற கல் கிடக்கிறது! ரம்பை தலையில் மோர்ப்பானை!"

"பானை இல்லை, கலயம்" என்றார் மாசிலாமணி மெதுவாக. தப்பாகச் சொன்னால் அவருக்குப் பொறுக்காது. "மோர் விற்கிற பேச்சியாயி எப்போதும் கலயம்தான் கொண்டுவருவாள்."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. "அடுத்த வாரம் என் சம்பந்தி ராஜா வருகிறார். உங்கள் தேவலோகத்தில் மோர் என்ன விலை என்று கேட்பாரே! இந்தச் சுவரில் நம் ஊர்ச் சங்கதி ஒன்றுகூட இருக்கக் கூடாது. தளவாய், ஒவ்வொன்றின் மேலும் கரியால் அடையாளம் போடும். மாசிலாமணி, அடையாளம் போட்ட அத்தனையையும் சுரண்டிவிட்டுத் தூரிகையைத் தளவாயின் மைத்துனரிடம் கொடுத்துவிடும்."

மூன்று வருஷ வேலை. சுரண்டினால் மிஞ்சுவது வானம் மட்டும். அந்த வானமும் நம் ஊர் வானம்தான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அதை ஏன் வெளியே சொல்ல வேண்டும்?

தளவாய் கரித்துண்டோடு கிளம்பினார். பனைகள், யானை, கல், கலயம், வைக்கோல் வண்டி, தூங்குகிற நாய். உரக்க எண்ணிக்கொண்டே கோடு போட்டார்.

"நாற்பது! முடிந்தது, மகாராஜா."

மாசிலாமணி விரல்களை மடக்கிப் பார்த்தார். சும்மா இருந்திருக்கலாம். எண்ணிக்கை தப்பாக இருக்கும்போது எப்படிச் சும்மா இருப்பது?

"நாற்பத்திரண்டு" என்றார்.

"இன்னும் இரண்டா? எங்கே?"

"அதோ மூலையில், இந்திரனின் செருப்பைத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்து நிற்கிறதே ஒரு பூதம், அது நான்தான். முன்பல் இரண்டு இல்லாததைக்கூட விடவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. மாசிலாமணி கரித்துண்டை வாங்கி அந்தப் பூதத்தின் வயிற்றின் மேல் தாமே ஒரு கோடு போட்டார். "இவன் போவதில் நஷ்டமில்லை. மூன்று வருஷமாக ஒரே இடத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்தான்."

"இன்னொன்று?" என்றார் தளவாய்.

"அதன் மேல் கோடு போட எனக்குக் கை வரவில்லை. தளவாய்தான் பெரிய மனசு பண்ண வேண்டும்."

"கோடு என்ன ஓய், நானே சுரண்டிப் போடுகிறேன். அந்தக் கொத்துக்கரண்டியை இப்படிக் கொடும். எது, காட்டும்!"

மாசிலாமணி சுவரோரம் கிடந்த கரண்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு விரலை நீட்டினார். சுவரின் நடுவே, சிம்மாசனத்தில் இருந்த இந்திரனை நோக்கி நீண்டது விரல்.

தளவாய் கரண்டியை ஓங்கிக்கொண்டு கிட்டே போனார். இந்திரனின் மோவாயில் ஒரு மரு. மீசையின் வலது முனை முறுக்கேறி நின்றது. இடது முனை தொங்கியது. சபையார் அத்தனை பேரும் வழக்கத்தை மறந்து தலையை நிமிர்த்தினார்கள். சுவரைப் பார்த்தார்கள். ராஜாவைப் பார்த்தார்கள். மறுபடி சுவரைப் பார்த்தார்கள்.

"சுரண்டுங்கள், தளவாய்" என்றார் மாசிலாமணி. "நம் ஊர் ஆள்தான்."

தளவாய் ஓங்கிய கரண்டியைத் தாழ்த்தினார். "இல்லை... இது... இவர் நம் ஊர் ஆளே இல்லை, மகாராஜா!"

"அப்படியானால் நான் எந்த ஊர்க்காரன், தளவாய்?" என்றார் ராஜா.

தளவாயின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது.

ராஜா எழுந்து வந்து படத்தை உற்றுப் பார்த்தார். "ஏன் ஓய், தேவேந்திரன் மீசையாவது இரண்டு பக்கமும் நேராக இருக்கக் கூடாதா?"

"நான் பார்த்த ராஜா ஒருவர்தான், மகாராஜா. வேறு மீசை எனக்குத் தெரியாது."

ராஜா தம் மீசையைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சம்பந்தி வரட்டும். தேவலோகத்தில் மோர் கிடைக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன். தளவாய், அந்த நாற்பத்தோரு கரிக்கோட்டையும் உம் கையாலேயே துடையும், சாயம் போகாமல்! மாசிலாமணி, உமக்கு என்ன வேண்டும், கேளும்."

சபை முழுவதும் அவரையே பார்த்தது. மாசிலாமணி தூரிகையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

"நேற்று அடித்த காற்றில் ஏரிக்கரைப் பனை ஒன்று சாய்ந்துவிட்டது, மகாராஜா. சுவரிலும் ஒன்றை எடுத்துவிட உத்தரவு வேண்டும்."