ஆரஞ்சு எங்கே ஏறியது?

"அம்மையீர், தங்கள் வாயிற்பலகையில் ஒரு பிழை இருக்கிறது," என்றார் தென்முகனார்.

வணக்கம்கூடச் சொல்லவில்லை. மூன்று கிலோமீட்டர் வெயிலில் நடந்து வந்த கோபம். வழியில் ஆட்டோக்கள் போகாமல் இல்லை. இவர் கையை நீட்டி, "தானி! தானி!" என்று கூப்பிட்டார். ஒன்றும் நிற்கவில்லை. ஆட்டோ என்று கூப்பிட்டிருந்தால் நின்றிருக்கும். ஆனால் அந்தச் சொல்லை அவர் உச்சரித்து இருபத்தைந்து வருடம் ஆகிறது.

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் தட்சிணாமூர்த்தி. அது வடசொல் என்று தெரிந்த வாரமே தென்முகனார் ஆகிவிட்டார். சேலத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. சொற்காவற் கழகத்தின் தலைவர் அவர்தான், செயலாளரும் அவர்தான். ஒரே உறுப்பினரும் அவரே. தமிழுக்குள் நுழைந்துவிட்ட வெளிச்சொற்களைப் பிடித்து வெளியே தள்ளுவது கழகத்தின் வேலை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. ஏற்காட்டு மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு பழத்தோட்டம், நாலு குடிசை. அதுதான் ஆசிரமம். அதற்கு முன்பு பதினோரு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். ஒருநாள் கடைசி ஸ்டாப்பில் எல்லாரும் இறங்கினார்கள். அவரும் இறங்கினார். பிறகு ஏறவே இல்லை.

ஊருக்கெல்லாம் அவர் கண்டக்டரம்மா. தென்முகனாருக்கு மட்டும் நடத்துநர் அம்மையார். கழுத்தில் உருத்திராட்சம் கிடையாது, பழைய விசில்தான் தொங்கியது.

"என்ன பிழைங்க?"

"ஆரஞ்சுத் தோட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரஞ்சு ஆங்கிலச் சொல். கிச்சிலித் தோட்டம் என்று திருத்த வேண்டும்."

"கிச்சிலின்னு எழுதினா யாராச்சும் உள்ள வருவாங்களா?"

"வராவிட்டால் என்ன? பலகை தூய்மையாக இருக்கும்."

அம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் கிடந்த பழைய பஸ் சீட்டைக் காட்டினார். அவரைத் தேடி வருகிறவர்கள் அதில்தான் உட்கார வேண்டும். தென்முகனார் சீட்டின் நுனியில் உட்கார்ந்தார்.

"பலகைக்காகவா இவ்வளவு தூரம் நடந்தீங்க?"

அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். அவருடைய மகள் கயற்கண்ணி எழுதியது.

'அப்பா, இந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேரும் சேலம் வருகிறோம். டிரெயின் நாலே முக்காலுக்கு. ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அரை மணி நேரம் வெயிட் பண்ணுவோம். நீங்கள் வந்தால் வீட்டுக்கு வருவோம். வராவிட்டால் அடுத்த டிரெயினில் திரும்பிவிடுவோம். இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன். இனேஸுக்கு இரண்டு வயது. தாத்தா என்று சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.'

கடிதத்தில் ஏழு இடங்களில் சிவப்பு மை வட்டம் இருந்தது. டிரெயின் மேல் தொடர்வண்டி. பிளாட்பாரம் மேல் நடைமேடை. பேத்தியின் பெயரைச் சுற்றியும் ஒரு வட்டம், அதன் பக்கத்தில் கேள்விக்குறி.

அம்மா அதை இரண்டு முறை படித்தார்.

"எத்தனை வருஷம் கழிச்சு எழுதியிருக்கு?"

"நான்கு ஆண்டுகள். இசுப்பானியாவில் வாலென்சியா என்னும் ஊருக்குப் படிக்கப் போனாள். தோமாசு என்னும் அவ்வூர்க்காரனை மணந்துகொண்டாள். அன்று கதவை அடைத்தேன்."

"இப்பத் திறக்கலாமான்னு கேக்க வந்தீங்களா?"

"இல்லை. பலகையைப் பற்றித்தான் கேட்க வந்தேன்."

"சரி, பலகையையே பாப்போம்." அம்மா கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "ஒருத்தரை வண்டியிலேர்ந்து இறக்கிவிடணும்னா, அவரு எங்க ஏறினாருன்னு எனக்குத் தெரியணும். இந்த ஆரஞ்சு எங்க ஏறினது?"

"ஆங்கிலத்தில்."

"அது நம்மகிட்ட வர்றதுக்கு முந்தின ஸ்டாப்பு. ஏறினது எங்க?"

அவருக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. அதனால் இருமினார்.

"விசாரிச்சிட்டு வாங்க. அப்புறம் பெயிண்டு நானே வாங்கித் தரேன்."

அம்மா ஒரு விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் வண்டி நிற்க வேண்டும். அன்றைய பேச்சு அதோடு நின்றது. அது செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை தென்முகனார் வாசலிலேயே கத்தினார்.

"திருடனைப் பிடித்துவிட்டேன்! ஆங்கிலேயன் அதைப் பிரெஞ்சுக்காரனிடமிருந்து எடுத்திருக்கிறான்!"

"அப்ப பிரெஞ்சுல ஏறினதா?"

"அங்கேயும் இல்லை போலிருக்கிறது. அந்தச் சொல்லுக்கு முன்னால் முதலில் ஒரு 'ந' எழுத்து இருந்ததாம். இத்தாலி, பிரான்சு என்று போன இடத்தில் அது உதிர்ந்துவிட்டது."

"நெரிசல்ல செருப்பு போகுமே, அந்த மாதிரி."

"பிரெஞ்சில் பொன்னுக்கு 'ஓர்' என்று பெயர். பழத்தின் நிறத்தைப் பார்த்து அந்த ஒலியையும் மாட்டிவிட்டிருக்கிறார்கள்."

"செருப்பு போச்சு, சங்கிலி வந்துச்சு. எங்க ஏறினது?"

தென்முகனார் திரும்பி நடந்தார். அன்றும் மூன்று ஆட்டோக்கள் அவரைத் தாண்டிப் போயின.

வியாழக்கிழமை ஒரு துணிப்பை நிறையக் குறிப்புகளோடு வந்தார்.

"இசுப்பானியர் அந்த 'ந' எழுத்தை இன்றுவரை விடவில்லை. நராங்கா என்கிறார்கள்."

இசுப்பானியர் என்றபோது குரல் கொஞ்சம் இறங்கியது.

"ஸ்பெயின்காரங்களா, உங்க மாப்பிள்ளை ஊர்க்காரங்க?"

"மாப்பிள்ளை என்று நான் சொல்லவில்லை."

"நான்தான் சொன்னேன். எங்க ஏறினது?"

"அவர்களுக்குக் கொடுத்தவர்கள் அரபியர். அவர்கள் வாயில் நாரஞ்சு. அரபியருக்குக் கொடுத்தவர்கள் பாரசீகர். அங்கே நாரங்கு. ஆனால் கொடுமையைக் கேளுங்கள். பெயரைக் கொடுத்த இந்த இரண்டு பேருமே இன்று இந்த இனிப்புப் பழத்தைப் போர்த்துகல் நாட்டின் பெயரால் கூப்பிடுகிறார்கள்!"

"போர்த்துகல்காரங்க எப்படிக் கூப்பிடறாங்க?"

"லரஞ்சா என்று."

அம்மாவுக்குக் குடித்த டீ புரையேறியது. தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். தென்முகனார் சிரிக்கவில்லை. உலகத்தில் ஒருவராவது தன் பொருளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கூடாதா என்று அவருக்கு எரிச்சலாக இருந்தது.

சத்தம் கேட்டுச் சமையல்கட்டிலிருந்து குட்டப்பன் எட்டிப்பார்த்தார். பாலக்காட்டுக்காரர். ஒன்பது வருடமாக அங்கே சமைக்கிறார்.

"எங்க நாட்டில நாரங்ஙன்னு சொன்னா எலுமிச்சம்பழமாக்கும்."

தென்முகனாரின் பேனா நின்றது.

"நாரங்ஙவா? பாலக்காட்டிலா? இதை ஏன் ஐயா முன்பே சொல்லவில்லை?"

"ஆரும் கேட்டில்லல்லோ, சாரே."

வெள்ளிக்கிழமை தென்முகனார் வரவில்லை. வீட்டில் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

வாசலில் அவருடைய மனைவி செங்கமலம் நாரத்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பை அடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தில் சிவப்பு வட்டம் போட்ட நாளிலிருந்து அவர் கணவரோடு பேசவில்லை.

"யாருக்கு இவ்வளவு நாரத்தங்காய்?" என்று கேட்டார் தென்முகனார்.

"வர்றவளுக்கு."

"வருகிறாள் என்று யார் முடிவு செய்தது?"

செங்கமலம் கத்தியைக் கீழே வைத்தார்.

"அஞ்சு வயசுல அவ ஆரஞ்சு மிட்டாய் கேட்டா. கிச்சிலி மிட்டாய்னு கேட்டு வாங்கிட்டு வான்னு கடைக்கு அனுப்பினீங்க. கடைக்காரருக்குப் புரியல. வெறுங்கையோட வந்து நின்னு அழுதா. அப்பவே வேற ஊருக்குப் போயிருப்பா. கையில டிக்கெட்டுதான் இல்ல."

"பயணச்சீட்டு," என்று சொல்ல வாயெடுத்தார் தென்முகனார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டார்.

மறுபடி புத்தகத்தைப் புரட்டினார். சாயங்காலம் கடைசிப் புத்தகத்துக்கு வந்தபோது ஒரு பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. எழுந்து வாசலுக்குப் போனார். தட்டில் காய்ந்துகொண்டிருந்த நாரத்தங்காயை இருட்டும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். செங்கமலம் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தார்.

சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு மேல் ஓடிவந்தார். ஓடித்தான் வந்தார். வேட்டி முழங்காலுக்கு மேலே இருந்தது.

"நம்முடையது, அம்மா! நம்முடையது!"

அம்மையீர் என்பதை மறந்துவிட்டிருந்தார்.

"உக்காருங்க. மூச்சு வாங்குது பாருங்க."

"பாரசீகத்துக்கு முந்தையது வடமொழி. அங்கே நாரங்கம். வடமொழிக்கு அது தெற்கேயிருந்து போயிருக்க வேண்டும் என்று அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் நாரத்தை அதற்கு உடன்பிறப்பு. என் வீட்டு வாசலில் தட்டில் காய்கிறது அம்மா, அதன் அக்காள்!"

"அப்ப, இந்தப் பக்கம்தான் ஏறினது."

"இந்தப் பக்கம்தான்!"

"திரும்ப இங்கேயே வந்து இறங்கியிருக்கு."

"ஆம், ஆம்!"

இரண்டாவது ஆம் சொல்லும்போதே அவர் முகம் மாறியது. சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஆனால் ஒன்று எனக்குப் புரியவில்லை. நம் வீட்டிலிருந்து போனது. எத்தனையோ நாடு சுற்றியது. முதலெழுத்து போய்விட்டது. எவனோ மாட்டிவிட்ட நகையோடு கடைசியில் நம் வாசலுக்கே வந்து நின்றது. நம்மில் ஒருவருக்குக்கூட அடையாளம் தெரியவில்லையே. ஏனம்மா?"

அம்மா ஒரு ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அது வந்தப்ப வாசல்ல யாரு காவலுக்கு நின்னது?"

பதில் சொல்லச் சொற்காவற் கழகத்தின் தலைவர் வாயைத் திறந்தார். செயலாளரும் திறந்தார். உறுப்பினரும் திறந்தார். மூன்று பேருக்கும் பதில் வரவில்லை.

சட்டைப் பையில் கடிதம் இருந்தது. எடுத்தார். சிவப்பு வட்டங்கள் ஏழும் அவரைப் பார்த்தன. நாலு வருடம் கழித்து மகள் எழுதிய கடிதத்தில் தான் இத்தனை நாளும் வட்டங்களை மட்டுமே படித்திருக்கிறோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. தாத்தா என்ற சொல்லின்மேல் வட்டம் இல்லை. அதனால் அந்த வரியை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு இருபது.

"பெயிண்டு வாங்கி வச்சிருக்கேன்," என்றார் அம்மா. மூலையில் டப்பாவும் பிரஷும் தயாராக இருந்தன.

தென்முகனார் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இங்கிருந்து நிலையத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஆட்டோன்னா நாப்பது நிமிஷம். தானின்னா எனக்குத் தெரியாது."

அவர் எழுந்துவிட்டார். ஒரு செருப்பு காலில் மாட்டிக்கொண்டது, இன்னொன்று மாட்டவில்லை. மாட்டாததைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

பின்னால் இரண்டு விசில் சத்தம் கேட்டது. இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம்.

ரோட்டில் ஒரு ஆட்டோ வந்தது. தென்முகனார் செருப்பை ஆட்டிக்கொண்டு கூப்பிட்டார்.

"தானி! தானி!"

அது போய்விட்டது.

மலை வளைவில் இன்னொன்று வந்தது. நெருங்கி வந்தது. அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அதற்குள் அது அவரைத் தாண்டிவிட்டது.

"ஆட்டோ!"

இருபத்தைந்து வருடம் உள்ளே கிடந்த சொல். கத்தியதில் தோட்டத்துக் காக்கைகள் பறந்தன.

ஆட்டோ நின்றது. பின்பக்கமாகவே உருண்டு வந்தது. டிரைவர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"நீங்களா சார்? இந்த வாரம் பூரா இந்த ரோட்டுல நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. தானின்னு யாரையோ தேடறீங்கன்னு நெனச்சேன்."

"ஆமாம்ப்பா," என்றார் தென்முகனார், ஏறி உட்கார்ந்துகொண்டே. "பிளாட்பாரத்துல காத்துக்கிட்டிருக்காங்க. சீக்கிரம் விடு."