வாசலில் நின்ற பெயர்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில், மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தெய்வானை சொல்லச் சொல்லக் கேட்காமல், மேனேஜர் அர்த்தநாரி கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குக் காவலான ஃபயர்வாலில், வெளியிலிருந்து உள்ளே வரும் எல்லா வழியையும் தன் கையாலேயே அடைத்தார். "இனி ஈ எறும்புகூட நுழையாது" என்று மார்தட்டிக்கொண்டார்.

அதோடு வெளியூர் ஆர்டர் மெயில்களும் நின்றுபோயின. குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்த அர்த்தநாரி, கடைசியில் தெய்வானை மேல் பாய்ந்தார்.

"எவன் பண்ணின வேலை இது? அவன் பேரை இப்பவே எனக்கு மெயில்ல அனுப்பு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

தெய்வானை அங்கேயே நின்று, போனை எடுத்துத் தன் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினாள். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து திரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஆபீஸே எட்டிப் பார்த்தது.

"எங்கே, வரலையே?"

"வாசல்லயே நிக்குதுங்க சார். பூட்டினவரு வந்து திறந்தாத்தானுங்க அவரு பேரு உள்ளே வரும்."