உலகு ஆத்துன உரத்தண்ணி

ஒரு ஊர்ல ஒரு டீக்கடைக்காரன். பேரு உலகு. ம் கொட்டுட்டி, ம் கொட்டலேன்னா கதை நடுரோட்டுல நின்னுரும். ஆங், அப்படித்தான்.

உலகு டீ ஆத்துனா போற பஸ்ஸு நிக்கும். மேல ஒரு கை, கீழ ஒரு கை, நடுவுல டீ சர்ர்ர்ருனு இறங்கும். ஒரு சொட்டு சிந்தாது. அவன் பொண்டாட்டி முப்பிடாதி, வீட்டோட ஒட்டுன கடைக்கு முன்னால சுவரோரமா ஒரு பிச்சிக்கொடி வச்சிருந்தா. அம்மா வீட்டுலேர்ந்து குச்சி ஒடிச்சுட்டு வந்து நட்டது. அதுல ஒரு கிளை சுவரேறிக் குதிச்சு, கிளாஸ் கழுவுன தண்ணி ஊத்துற கொல்லைப் பக்கம் போயிருந்துச்சு. தலைப்பிரசவத்துக்குக் கிளம்புறப்போ அவ சொன்னா, "இந்தா பாருங்க, எனக்குப் போன் போடாட்டியும் பரவால்ல, இதுக்குத் தினம் ஒரு வாளி தண்ணி ஊத்துங்க. இந்தப் பூவ வச்சுக்கிட்டுத்தான் பிள்ளையோட வீட்டுக்குள்ள வருவேன்." இவனும் பூம்பூம் மாடு மாதிரி தலைய ஆட்டுனான்.

அப்புறம் என்ன ஆச்சு? மறந்துட்டான், தடிப்பய! ஊருக்கெல்லாம் டீ ஊத்துனவன் அதுக்கு ஒரு வாளி ஊத்தல.

ஒருநாள் மாமனார் சொல்லி அனுப்புனாரு, இன்னும் ரெண்டே மாசம், தாயையும் பிள்ளையையும் கொண்டாந்து விடுறோம்னு. உலகு ஓடிப்போய்ப் பாத்தான். கொடி விறகாக் கிடக்கு! கையில இருந்த கிளாஸ் டமார்! அப்போ டீ குடிக்க வந்த தோட்டக்காரர் செல்லையா, நகத்தால தண்டைக் கீறிப் பாத்தாரு.

"ஏல உலகு, உசிரு இருக்கு. ஒரு மூட்டை மக்குன உரம் தாரேன். கொடியோட தூர்ல, வேரடில கொட்டிக் கிளறி விட்டுத் தண்ணி ஊத்து, போதும். சில பேரு அதை ஊற வச்சு வடிகட்டித் தண்ணியாவும் ஊத்துறாங்க."

"வடிகட்டியா!" உலகுக்கு மூஞ்சி பிரகாசமாச்சு. "இதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணாச்சி? டீத்தூள் மாதிரிதான, சத்தெல்லாம் தண்ணிக்கு வந்துரும். சக்கைய வீசிற வேண்டியதுதான்."

மொதத் தடவை, உரத்தைத் தண்ணில போட்டு அஞ்சு நாளு மூடியே வச்சான். தொறந்தான் பாரு, குபீர்னு ஒரு நாத்தம்! வந்த பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. சிரிக்காதட்டி, மூக்கப் பிடி.

ரெண்டாந்தடவை, சப்புனு இருக்கக் கூடாதேன்னு அரைக்கிலோ வெல்லத்தைப் போட்டான். அப்போ எறும்பு வந்துச்சு பாரு, சரசரசரன்னு! கொடில ஏறி, பெஞ்சுல ஏறி, செல்லையா வேட்டிக்குள்ளயும் ஏறிருச்சு. மனுசன் தையத்தக்கான்னு ஆடுனாரு.

மூணாந்தடவை, ரெண்டு வாளிய எடுத்துக்கிட்டு ஆத்துனான். சர்ர்ர், சர்ர்ர், காலையில ஆத்து, மத்தியானம் ஆத்து, கை ஒடிய ஆத்து. இந்தத் தடவை நாத்தமில்ல, மழை பெஞ்ச மண்ணு மாதிரி வாசம். தினம் வடிகட்டிக் கொடிக்கு ஊத்துனான். சக்கைய? கொல்லைப் பக்கம் வீசுனான், தொப்! திரும்பிக்கூடப் பாக்கல.

ரெண்டு மாசமும் ஓடிருச்சு. கொடில எத்தனை இலைங்கிற? மூணே மூணு.

சாயங்காலம் டுர்ர்ர்னு ஆட்டோ வந்துச்சு. முப்பிடாதி பிள்ளையோட இறங்குனா. உலகு துண்டை விரிச்சுக் கொடிய மறைச்சுக்கிட்டு நிக்கான்.

"தள்ளுங்க."

அவனுக்கு அழுகையே வந்துருச்சு. "தண்ணி ஊத்த மறந்துட்டேன் முப்பிடாதி. தப்பு என் மேலதான். மூணு இலைதான் மிச்சம்."

அவ வையல. காத்தை மோந்து பாத்தா. "அப்போ இந்த வாசம் எங்கேர்ந்து வருது?"

பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குப் போனா. ஆத்தாடி! சுவரேறிக் குதிச்ச அந்தக் கிளை இருந்துச்சுல்லா, அது இவன் வீசுன சக்கைக்குள்ள புதைஞ்சு, வேர் விட்டு, சுவர் பூராவும் பச்சைப் பசேல்னு ஏறி, மொட்டு மொட்டா விரியுது!

"சத்து சக்கைலல்லா இருந்துருக்கு!"ன்னு உலகு வாயப் பொளந்தான்.

பெஞ்சுலேர்ந்து எந்திரிச்சு வந்த செல்லையா விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஏல, தண்ணியும் சும்மா இல்ல, மூணு இலை குடுத்துச்சே. ஆனா நீ பட்ட பாட்டுக்கு மூணு இலை! அந்த உரத்த ஒருநாள் தூர்ல போட்டுட்டு நீ ரெண்டு மாசம் காலாட்டிக்கிட்டு இருந்திருக்கலாம்."

முப்பிடாதி ஒரு கை பூப்பறிச்சுத் தலையில வச்சுக்கிட்டா. சந்தோசமா வீட்டுக்குள்ள காலெடுத்து வச்சா. போன வேகத்துல உத்தரத்துல சேலையக் கட்டிப் பிள்ளையப் போட்டுட்டு, புருசனைக் கூப்பிட்டா. "இனி உரம் தூருக்கு. ஆத்துன கை தூளிக்கு. வாங்க, ஆட்டுங்க."

கிரீச்... கிரீச்... உலகு ஆட்டுனான். ஒரு சொட்டு சிந்தாம டீ ஆத்துன கையில்லா, தூளி அலுங்காமப் போச்சு, அலுங்காம வந்துச்சு. பிள்ளை தூங்கிருச்சு. ஆட்டுனவனும் தூங்கிட்டான். பிச்சி மட்டும் முழிச்சிருக்கு, அதுக்குப் பூக்குற வேலை கிடக்கு.

உனக்கென்னட்டி வேலை? கதையும் தூளியில ஏறிப் படுத்தாச்சு, கண்ண மூடு.