இலுப்பைத் துறையில் ஒரு மறியல்

முதலில், சருகுமானின் கால் ஒடிந்தது. வழுக்குப் பாறை மீது பழி போட்டார்கள். இரண்டாவதாக, ஆமையின் ஓடு பிளந்தது. ஆமை சரியாக உட்காரவில்லை என்றார்கள். மூன்றாவதாக, முயலின் இரண்டு குட்டிகளும் வெள்ளத்தோடு போயின. விதி என்றார்கள்.

மூன்று முறையும் அவர்களைச் சுமந்து ஆற்றில் இறங்கியது வாரணன் என்ற யானை. மூன்று முறையும் அவன் குடித்திருந்தான். அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வார்கள்? ஊற்றிக் கொடுத்ததே அவர்கள்தானே!

கோடை மழை கொட்டினால் அந்தக் காட்டாறு கரைபுரண்டு ஓடும். சின்ன விலங்குகள் யானை முதுகில் ஏறித்தான் அக்கரை போக வேண்டும். ஏறுகிறவர்கள் ஆளுக்கொரு வாய் இலுப்பைப்பூ கொண்டுவந்து துறையோரப் பாறைக்குழியில் போடுவார்கள். பூ மழைநீரில் ஊறி, புளித்து, கள்ளாகும். அதை வாரணன் குடித்த பிறகே பயணம். அதற்குத் 'துறை மரியாதை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அன்று அக்கரையில் அத்தி பழுத்திருந்தது. ஒரே கூட்டம். முள்ளி என்ற முள்ளம்பன்றி வந்து சேர்வதற்குள் அவள் மகன் சிலும்பன் யானை முதுகில் ஏறிவிட்டான். அவளுக்கு இருப்பது அந்த ஒரே பிள்ளை.

வாரணன் குழியை உறிஞ்சி முடித்துவிட்டு ஒரு மரக்கட்டையைப் பார்த்துத் தும்பிக்கையைத் தூக்கினான். "வாங்க ஆமையண்ணே! ஏறுங்க!"

ஆமை அவன் பின்னால் நின்றது.

முள்ளி யானை முதுகை அண்ணாந்து பார்த்தாள். "சிலும்பா, இறங்குடா!"

"மாட்டேன்மா! அத்தி தீர்ந்துடும்!"

"ஏன் பயப்படுறே?" என்று சிரித்தான் கட்டையன் என்ற கரடி. குழிக்குக் காவல் அவன்தான். அடியில் மிஞ்சுவது அவனுக்கு. "குடிச்சாத்தான் நம்ம வாரணன் நேரா நடப்பான்!"

"முயல் குட்டிங்க போன அன்னிக்கும் இதைத்தான் சொன்னே!" என்றாள் முள்ளி.

முயல் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆற்றுக்கு இறங்கும் வழி இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகலாகப் போகும். முள்ளி ஓடிப்போய் அதன் குறுக்கே படுத்தாள். யானைக்கு முதுகைக் காட்டி முட்களை விரித்தாள்.

"தள்ளு!" என்று பிளிறினான் வாரணன். "இந்த ஆத்தைக் கண்ணை மூடிக்கிட்டே கடப்பேன்!"

"நீ கண்ணை மூடினா எங்க பிள்ளைங்களும் சேர்ந்து கண்ணை மூடணும். தள்ள மாட்டேன்!"

"பெரியவங்களுக்கு முதுகைக் காட்டுறியே, மரியாதை தெரியாதா?" என்றான் கட்டையன்.

"என் மரியாதை முதுகுலதான் இருக்கு. வந்து தொட்டுப் பாரு!"

வாரணன் முன்காலைத் தூக்கினான். யானையின் உள்ளங்கால் மெத்தென்றிருக்கும். முள்ளை நினைத்ததும் கால் அந்தரத்தில் ஆடியது. பிறகு பாறையோரமாகக் கொஞ்சம் இடைவெளி இருப்பதைப் பார்த்துவிட்டான். அந்தப் பக்கம் திரும்பினான்.

அங்கே முயல் வந்து படுத்தாள்.

"எனக்கு முள்ளு இல்லை வாரணா," என்றாள். "மிதிச்சுட்டுப் போ."

வாரணன் அவளைப் பார்த்தான். பார்வை நிற்கவில்லை, இரண்டு முயல்கள் தெரிந்தன. காலைப் பின்னால் வைத்தான். சறுக்கியது. முன்னங்கால் மடிந்து கரைச் சேற்றில் தொப்பென்று உட்கார்ந்தான். முதுகிலிருந்தவர்கள் வாழைத்தாறு சரிவதுபோல் சேற்றில் சரிந்தார்கள். சிலும்பன் எழுந்து அம்மாவிடம் ஓடிவந்தான்.

"இது கரை!" என்று கத்தினாள் முள்ளி. "நடு ஆத்துல விழுந்திருந்தா? பாறை மேலயா பழி போடுவீங்க? விதி மேலயா? பூ பொறுக்கிப் போட்டது யாரு? நானும்தான், நீங்களும்தான்! இனி ஒரு பூ போடமாட்டேன்!"

ஆமை மெல்ல நகர்ந்துபோய் ஒரு கல்லைக் குழிக்குள் உருட்டிவிட்டது. அடுத்து சருகுமான். அப்புறம் எல்லாரும். கட்டையன் கத்திக்கொண்டே இருந்தான். குழி தூர்ந்தது.

மறுநாள் காலையில் வாரணன் துறைக்கு வந்தான். "தெளிஞ்சுட்டேன், முள்ளியக்கா. ஏறச் சொல்லு."

முள்ளி அவன் தும்பிக்கையை முகர்ந்தாள். கள் வாடை இன்னும் அடித்தது. "இல்லை," என்றாள். பிறகு முயலைப் பார்த்தாள். "நீ சொல்லு. எல்லாருக்கும் கேட்கணும்."

முயல் பாறை மேல் ஏறினாள். காடே கூடி நின்றது. உரக்கக் கூவினாள்.

"வாரணன்! இவன் குடிச்சிருக்கான்! இன்னிக்கு யாரும் ஏறாதீங்க!"

குடித்துவிட்டு வண்டியோட்ட வருகிறவன் எத்தனை பெரியவனானாலும், ஊர் பார்க்க அவனை வழிமறித்து, பெயர் சொல்லி இறக்கிவிடுங்கள்.