ஏரி மறந்த சுவை

அந்தக் காலத்தில் ஏரிகளும் பேசும். அவற்றில் வாழ்ந்த உயிர்கள் பதில் சொல்லும். மலைகளுக்கு நடுவே அப்படி ஓர் ஏரி இருந்தது. ஆறு வந்து அதில் விழும். விழுந்த தண்ணீர் வெளியேற வழி கிடையாது. அதன் அடிச்சேற்றில் குறுணி என்பவள் வாழ்ந்தாள். எள்ளைவிடச் சிறிய உடம்பு. அதை மூடிக்கொள்ளச் சிப்பியைப் போல இரண்டு ஓடுகள்.

உடம்பு வளர்ந்தால் ஓடு இறுக்கும். அப்போது அவள் இனத்தார் அதைக் கழற்றி, துணுக்குகூட விடாமல் தின்றுவிட்டு, அந்தச் சத்தில் பெரிய ஓடு செய்துகொள்வார்கள். அதுதான் வழக்கம்.

ஒரு சமயம் மழை நின்றுபோனது. வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை மட்டும் மிச்சம் வைத்தது. தவளைகள் கிளம்பின. கடைசியாகக் கெண்டைமீன் ஆற்றுவாயில் தயங்கி நின்றது.

"என் செவுள்ல ஒட்டிக்கடி. மேலே கொண்டுபோய் விடறேன்."

"நீங்க போங்க அக்கா. நானும் வந்துட்டா ஏரி யார்கிட்ட பேசும்?"

கெண்டை போனது. ஆறும் வற்றியது. பழைய ஓட்டைத் தின்றுவிட்டு, புது ஓடு கெட்டிப்படுமுன் வெற்றுடம்பாக நின்ற நேரத்தில், குறுணியின் இனத்தாரை உப்பு ஒவ்வொருவராகக் கொன்றது. அவள் மட்டும் மிஞ்சினாள். சேற்றில் அவள் ஊர்ந்தபோது, அந்தச் சின்ன ஓசைகூட அவளுக்குக் கேட்டது.

பிறகு ஒரு பூநாரை வந்து இறங்கியது.

"அடடா, எவ்வளவு அருமையான உப்பேரி!"

"இது நல்ல தண்ணி ஏரி" என்றாள் குறுணி.

பூநாரை சிரித்தது. "யாரது, தூசியா பேசுது? ஒரு வாய் குடிச்சுப் பாரு பொடிசு. இது பொறந்ததே உப்பாத்தான்."

"நீங்களாவது சொல்லுங்களேன்" என்று குறுணி ஏரியைக் கேட்டாள்.

ஏரி நெடுநேரம் யோசித்தது. "எனக்கு ஞாபகம் இல்லைம்மா. எப்பவுமே இப்படித்தான் இருந்தேனோ என்னவோ."

அந்த நல்ல தண்ணீரில் செய்தது என்று உலகத்தில் மிஞ்சியிருந்தது அவள் முதுகிலிருந்த ஓடு ஒன்றுதான். அதுவும் இறுக்கத் தொடங்கியிருந்தது.

கழற்றினாள். தின்ன வாய் வைக்கப்போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"என்னடி யோசனை? சீக்கிரம் தின்னு" என்று ஏரி பதறியது. "ஓடில்லாம நின்னா என் உப்பே உன்னைக் கொன்னுடும்."

"தின்னுட்டா நீங்க நல்ல தண்ணியா இருந்ததுக்குச் சாட்சியே இருக்காது."

ஓட்டைச் சேற்றுக்குள் அழுத்திப் புதைத்தாள். வெற்றுடம்பாக நின்று, உப்புத் தண்ணீரிலிருந்தே புது ஓட்டைச் சேர்க்கத் தொடங்கினாள். உடம்பெல்லாம் எரிந்தது. மெல்ல மெல்ல ஓடு கெட்டிப்பட்டது.

ஏரி தன் அடிச்சேற்றில் புதைந்த பழைய ஓட்டைத் தொட்டுப் பார்த்தது.

"இது யாருடைய சுவை?"

"உங்களோடதுதான்" என்றாள் குறுணி.

ஏரி அந்த ஓட்டின்மேல் இன்னும் கொஞ்சம் சேற்றை இழுத்து மூடியது. குறுணியின் காலம் முடியும்வரை மழை வரவில்லை. அவள் இட்ட முட்டைகள் காய்ந்த சேற்றில் உறங்கின. ஒரு நாள் ஆறு திரும்பியபோது, தாயைக் காணாத மகள்கள் பிறந்தார்கள். அவர்களிடம் ஏரி சொன்னது:

"பழசைத் தின்னாதீங்க. அன்னன்னைக்கு நான் எப்படி இருக்கேனோ, அதையே எடுத்து உடுத்திக்குங்க."

குறுணியின் வம்சம் கழற்றிய ஓட்டைச் சேற்றிலேயே விட்டுப்போவது அன்று தொடங்கியதுதான். ஓர் ஏரியில் எப்போது மழை பொழிந்தது, எப்போது உப்பேறியது என்று அறிய விரும்புகிறவர்கள் இன்றும் சேற்றைத் தோண்டி அந்த ஓடுகளைத்தான் கேட்கிறார்கள். பார்த்துச் சொல்ல அன்று அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.